சுகப்பிரசவமோ ஒப்பரேசனோ: பச்சை உடம்பில் விடப்படும் பிழைகள்

வன்னியில் பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் அயலவர் முதலில் கேட்பது, ‘சுகப்பிரசவமோ, ஒப்பரேசனோ?’ என்பதுதான். சுகப்பிரசவம் என்றால் தாய்க்கு ஒன்றுமில்லை என்றும், ஒப்பரேசன் என்றால் துடக்கு கழிக்கும் முப்பத்தோராம் நாள் முடியும் வரை அவள் பாயைவிட்டு எழும்பக்கூடாது என்றும் வீட்டார் அந்தக் கணமே தீர்மானித்துவிடுகிறார்கள். இரண்டு தீர்மானமும் பிழையானவை.

ஒப்பரேசன் செய்தவரின் வெளித்தையல் சில நாட்களில் காய்ந்துவிட்டாலும், கருப்பை வரை வெட்டப்பட்ட உள்ளடுக்குகள் ஆறுவதற்கு ஆறு வாரமாவது செல்லும். ஆகவே தண்ணீர்க்குடத்தையோ மூத்த பிள்ளையையோ தூக்காமல் இருப்பது நியாயமானது. ஆனால் பாரம் தூக்காமல் இருப்பது வேறு, அசையாமல் கிடப்பது வேறு. பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் இரத்தம் இயல்பாகவே கூடுதலாக உறையும். அறுவைச் சிகிச்சை அந்த ஆபத்தை மேலும் கூட்டும். விடுதியில் தாதியர் முதல் நாளிலேயே கையைப் பிடித்து நடத்துவது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த நடையை நிறுத்துவது முதற்பிழை. ஒரு கால் மட்டும் வீங்கி நோகும்போது எண்ணெய் பூசி உருவிவிடுவது அதைவிடப் பெரிய பிழை, ஏனெனில் அங்கே உறைந்திருக்கும் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

சுகப்பிரசவம் என்ற சொல்லில் இருக்கும் சுகம் பலருக்குக் கிடைப்பதில்லை. கிழிவுக்கோ வெட்டுக்கோ தையல் போடப்பட்டவர் நேராக உட்காரவே சிரமப்படுவார்; அவரைப் பத்தாம் நாளே அடுப்படிக்கு அனுப்புகிறோம். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமானால் இடுப்பின் அடித்தசைகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். இருமும்போது சிறுநீர் கசிவதை ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று மறைக்காமல், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால், அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கேட்டறியலாம்.

எந்த முறையில் பிள்ளை பிறந்தாலும் பொதுவாக விடப்படும் பிழை தண்ணீரை மறிப்பதுதான். ‘தண்ணி குடித்தால் வயிறு வைக்கும், புண் ஆறாது’ என்று சொல்லி, வேர்க்கொம்பு அவித்த நீரைச் சின்னக் கோப்பையில் பாதியளவு கொடுத்துவிட்டுச் செம்பை எட்டாத இடத்தில் வைக்கும் அம்மம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அவரது அன்பில் குறைவில்லை. ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் பால் போகிறது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வியர்வையோடும் நீர் போய்க்கொண்டிருக்க, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீர் எரியும். இறுகிய மலத்துக்காக முக்கும்போது தையல் எங்கே இருந்தாலும் வலி உயிர்போகும். சரக்கரைத்த கறியை நான் குறை சொல்லமாட்டேன். அதோடு கீரை, மீன், முட்டை, கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் இவற்றை நிறுத்துவதுதான் தவறு.

தலையிடி வந்தால் பனி பட்டுவிட்டது என்று வேது பிடிப்பதும் வழக்கம். ஆனால் கர்ப்பகாலத்தில் உயர் இரத்த அழுத்தம் இருந்திராதவருக்கும் பிரசவத்துக்குப் பின் அது ஏறலாம். கடுந்தலையிடியுடன் பார்வை மங்கினாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு துணி முழுவதும் இரத்தத்தில் நனைந்தாலோ, காய்ச்சலுடன் நாற்றமான கழிவு போனாலோ, காயம் சிவந்து சீழ் கண்டாலோ துடக்கு கழியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கிறவல் பாதையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிச் செல்லாமல் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை இலவசமாக அழைக்கலாம்.

ஒப்பரேசன் செய்தவரிடம் ‘நோகாமல் பெற்றவள்’ என்று பகிடி விடுவதையும் பிழைகளுக்குள்தான் சேர்க்கவேண்டும். முதல் சில நாட்களில் தாய்க்கு வரும் அழுகை பெரும்பாலும் தானாகத் தணியும். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் நித்திரையின்றி, பிள்ளையின் முகம் பார்க்கவும் மனமின்றி இருப்பவரைப் பேய் பிடித்ததென்று பார்வை பார்க்கக் கூட்டிச்செல்கிறார்கள். அது சிகிச்சையால் மாறும் நோய். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடன் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று அவர் சொன்னால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது.