காதில் சீழ்: "கொஞ்சமாத்தானே வருது" என்று விட்டுவிடாதீர்கள்

தர்மபுரியில் காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்க்கிறேன். காதில் சீழ் என்று வருகிறவர்களிடம் நாங்கள் பயிற்சிக் காலத்தில் எதைத் தவறவிட்டோமோ, அதையே இப்போது புதிதாக வரும் டாக்டர்களும் தவறவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் அப்படித்தான். பட்ஸ், ஹேர்பின், பூண்டு எண்ணெய் பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

செவிப்பறையில் ஓட்டை விழுந்து, இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் அதை நாள்பட்ட நடுக்காதுத் தொற்று என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சீழின் அளவைப் பார்த்து முடிவு செய்வது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சீழ் நிறைய வரும், சளிபோல இழுக்கும், பெரும்பாலும் நாற்றம் இருக்காது. தொந்தரவு அதிகம், ஆபத்து குறைவு. மற்றதில் தலையணையில் சின்னக் கறை படுகிற அளவுக்குத்தான் வரும். ஆனால் நாறும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து, உதிரும் செதில்கள் மூட்டையாகத் திரண்டுவிடும். கொலஸ்டியடோமா என்போம். புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்து எலும்பை அரிக்கும். பெரும்பாலும் சிற்றெலும்புகள் முதலில் போகும், கேட்பது குறையும். அப்புறம் முக நரம்பு, உள்காது, மூளை உறை என்று எதை வேண்டுமானாலும் எட்டும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். நாற்றம் தாங்காமல் வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. "கொஞ்சமாத்தானுங்க சார் வருது, சொட்டு மருந்து விட்டா நின்னுடும்" என்றார் அம்மா. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணிய பிறகுதான் பதறி வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முகம் ஓரளவு சரியானது. போன கேட்கும் திறன் திரும்பவில்லை.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. போன இடத்திலெல்லாம் காட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் டார்ச் அடித்துப் பார்த்து, "மேலே கொஞ்சம் குறும்பி" என்று அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. குறும்பி காதுக் குழாயின் வெளிப்பகுதியில்தான் சுரக்கும். செவிப்பறையின் மேல் மூலையில் பொறுக்கு ஒட்டியிருந்தால், வேறு ஏதோ என்று நிரூபிக்கும்வரை அடியில் கொலஸ்டியடோமா இருப்பதாகவே நினைக்க வேண்டும். சீழை உறிஞ்சி எடுத்து, பொறுக்கை விலக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதற்கு மருந்து கிடையாது, ஆபரேஷன்தான். நாற்றம் இருந்தால், "மேல் மூலையைப் பார்த்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரையை மட்டும் நம்புவது

ஓட்டை இருக்கும் காதில் மாத்திரையைவிடச் சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்யும். அதுவும் சீழைத் துடைத்து எடுத்த பிறகுதான். குளம்போல் தேங்கிய சீழ்மேல் விட்டால் மருந்து உள்ளே போகாது. சுத்தமான பஞ்சைத் திரியாகத் திரித்து, ஈரம் நிற்கும்வரை மாற்றி மாற்றி ஒற்றி எடுத்துவிட்டு மருந்தை விடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து

வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்தவை ஓட்டை வழியாகப் போய் உள்காதைக் கெடுக்கக்கூடும்.

காது காய்ந்ததும் ஒகேனக்கல்

சீழ் நின்றாலும் ஓட்டை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்தால் எண்ணெயும் தண்ணீரும் நேராக நடுக்காதுக்குள். கிணற்றில் குதிப்பதும் அப்படியே. வீட்டில் குளிக்கும்போதுகூட வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்க ஆபரேஷன் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

"பெரியவனானா சரியாயிடும்"

ஆகலாம், ஆகாமலும் போகலாம். கேட்கும் திறனை ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.

மறுநாள் பார்க்கலாம் என்பது

காதுக்குப் பின்னால் வீக்கம், தலைசுற்றல், முகம் கோணுவது, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும்: இதில் ஒன்று வந்தாலும் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.