கட்டட மாதிரியைப் படமெடுக்கக் கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள்

வெளிநாட்டுக் கட்டடக்கலை மேற்படிப்புக்கான போர்ட்ஃபோலியோவுக்கு (படைப்புத் தொகுப்புக்கு) கட்டட மாதிரியைப் படமெடுக்கும்போது, கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் மாதிரியின் தரையை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். 1:100 அளவில் 1.6 மீட்டர் கண்மட்டம் என்பது வெறும் 1.6 சென்டிமீட்டர்தான், கைபேசியை நேராகப் பிடித்தால் லென்ஸ் அவ்வளவு கீழே இறங்காது. மேலிருந்து எடுத்த படத்தில் அட்டைப்பெட்டிதான் தெரியும். இப்படி எடுத்தால், உள்ளே நடப்பவர் காணும் இடம் தெரியும். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். மாணவர் படைப்புகளை மதிப்பிடும் ஜூரிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அங்கிருந்து மாதிரி முழுதாகத் திரும்புவது அபூர்வம்.

மனையையும் சுற்றுப்புறத்தையும் காட்டும் 1:500 மனை மாதிரிகளுக்கு இது உதவாது. அங்கே கண்மட்டம் 3 மில்லிமீட்டர்; மேலிருந்து எடுப்பதே சரி. பயிற்சிக்குச் சென்ற அலுவலகத்தின் மாதிரி என்றால், அனுமதி வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும்.