பிளனேரியாவை வெட்டி வளர்ப்பது எப்படி (பன்னிரண்டு புழுவைச் சாகடித்த பிறகு எழுதுவது)

பிளனேரியா என்பது வெட்டிய துண்டும் மீண்டும் முழுப் புழுவாக வளரும் ஒரு நன்னீர்த் தட்டைப்புழு. அதைப் பிடிக்க, பின்னேரம் நூலில் கோழி ஈரல் கட்டி, வயல் வாய்க்காலின் நிழல் பக்கமாக இறக்கிவிட்டு விடிய எடுங்கள். அட்டையும் சேர்ந்தே வரும். அட்டை வளைந்து வளைந்து நடக்கும். பிளனேரியா வழுக்கிக்கொண்டு போகும், தலையில் மாறுகண் மாதிரி இரண்டு புள்ளி இருக்கும். அது வழுக்குவது வயிற்றுப்புறத்தில் நுண்மயிர் போல அசையும் பிசிர்களால். பிசிருக்குள் இருப்பவை நுண்புன்குழாய்கள் என்ற மெல்லிய புரதக் குழல்கள், உயர்தரத்தில் பாடமாக்கிய அதே குழியவன்கூடு, அதாவது கலத்தின் உட்சட்டகம்.

ஒரு கிழமை பட்டினி போடுங்கள்.

என் முதல் பன்னிரண்டும் செத்தது பிளேட்டால் இல்லை, தண்ணீரால். கிணற்றுக்குக் குளோரின் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, நான் யோசிக்கவே இல்லை. அத்தோடு ஆவணி வெயில், தகரக் கூரை. ஆய்வுகூடங்களில் 20 பாகை அளவில் வளர்க்கிறார்கள். இப்போது வாய்க்கால் தண்ணீரையே வடித்து, யோகட் கப்பில் ஊற்றி, கப்பை ஈர மணலில் புதைத்த மண்முட்டிக்குள் வைக்கிறேன். கண்ணாடிப் போத்தல் அழகுதான், ஆனால் சூடாகிவிடும்.

வெட்ட, புதுச் சவர பிளேட் போதும். எண்ணெய்ப் பூச்சைத் துடைத்துவிடுங்கள். புழுவை ஐஸின் மேல் வைத்த தட்டில் விட்டால் அடங்கிக் கிடக்கும். கண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரே அமுக்கு. அறுக்காதீர்கள்.

அப்புறம் எழுந்து போய்விடாதீர்கள். நான் தேத்தண்ணி குடிக்கப் போய்த்தான் தவறவிட்டேன். தசை சுருங்கி வெட்டுவாய் குவியும். ஓரத்துத் தோல்கலங்கள் தட்டையாகிப் பரவி அதை மூடும். அவற்றைத் தள்ளிக்கொண்டு போவது உள்ளே நீளும் அக்ரின் என்ற புரத இழைகள். புதுக் கலங்கள் பிறந்துதான் காயம் மூடுகிறது என்று நினைத்திருந்தேன். அது இல்லை, இருக்கும் கலங்களே இழுபட்டு மூடுகின்றன. கலப்பிரிவின் வேலை தெரிவது நுனியில் வெள்ளை முளை வரும்போது. உடற்கலங்களில் 20 தொடக்கம் 30 வீதமான, வேறு கலங்களாக மாறக்கூடிய குருத்துக்கலங்கள்தான் அதைக் கட்டுகின்றன. விலங்குக் கலம் பிரிவதை வரைந்தால் இரு முனையிலும் புன்மையத்தி என்ற சிறு உருளைகளை வரைவோமே, பிரியும் இந்தக் கலங்களில் அது கிடையாது! நுண்புன்குழாய்கள் அது இல்லாமலே நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிரை அமைக்கின்றன. பிசிர் முளைக்கும் கலங்களில் மட்டும் புன்மையத்தி உருவாகும்.

ஒரு கிழமையளவில் வால் துண்டில் கண் தெரியும். அதுவரை தீன் வேண்டாம்.

பின்சேர்க்கை: கார்த்திகைக் கிழங்கில் கொல்கிசீன் என்ற நஞ்சு இருக்கிறதே, பிழிந்து விட்டுப் பார்க்கலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கொல்கிசீன் நுண்புன்குழாயைக் குலைத்துக் கலப்பிரிவை நிறுத்தும் என்பது சரி. ஆனால் அந்தக் கிழங்கு ஆளையே கொல்லும். வேலியோடு பூக்கட்டும், விட்டுவிடுங்கள்.