கணினி எழாமல் போனால் பாட்டுகளை மீட்பதும் இனி காப்பதும்

கணினி எழவில்லை என்றதும் பாட்டெல்லாம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பவர் சப்ளை, மதர்போர்டு, ராம், விண்டோஸ் என எது பழுதானாலும் திரை கறுப்பாக நிற்கக்கூடும். பாட்டுகள் உள்ள டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். பழுது கணினியிலா டிஸ்க்கிலா என்பது தெரியும்வரை அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். விண்டோஸை மறுபடி நிறுவுவதும், மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குவதும் பாட்டுகளின் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிற வேலை.

டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி அடாப்டர் போதும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் டிஸ்க் சுழலாது. நல்ல டிஸ்க்கைச் செத்ததென்று ஒதுக்கிவிடுவது இங்கேதான். எம்.2 எஸ்எஸ்டிகளில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அவற்றை யுஎஸ்பியில் மாட்ட உதவும் உறைகள் பல ஒரு வகையை மட்டுமே ஏற்கும், எனவே லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். சில லேப்டாப்களில் எஸ்எஸ்டி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம்.

மாட்டியதும் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். கோப்புகள் எங்கே உள்ளன என்று குறித்துவைக்கும் ஃபைல் சிஸ்டம் குலைந்திருந்தாலும் இதே கேள்விதான் வரும். உள்ளே பாட்டுகள் அப்படியே இருக்கலாம்.

டிஸ்க் நோயாளி என்றால்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட சிறு துண்டுகள்), ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்க முடியாமல் காத்திருப்பவை) இரண்டையும் பாருங்கள். இரண்டாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க் சில இடங்களைப் படிக்கத் திணறுகிறது என்று பொருள். ‘டக் டக்’ என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் முனை தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடும். அதற்குமேல் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வைத்தியம் ஈரத்தைப் படியவைத்து, மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுக்கும்.

தட்டாமல் மெதுவாகப் படிக்கும் டிஸ்க்குக்கு லினக்ஸில் உள்ள ஜிஎன்யு டிடிரெஸ்க்யூதான் சரியான கருவி. சாதாரண நகலெடுப்பு ஒரு கெட்ட செக்டரிலேயே மோதிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அதைக் குறித்துவைத்துத் தாண்டி, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிடும். முதல் சுற்றை, கெட்ட இடங்களைத் துருவாமல் விடும் ‘நோ ஸ்க்ரேப்’ தேர்வோடும், அடுத்ததை மூன்று மறுமுயற்சிகளோடும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே மேப்ஃபைலை (எதுவரை படித்தது என்ற குறிப்புக் கோப்பை) கொடுங்கள். அது இருந்தால்தான் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி எடுத்த முழு நகலை, அதாவது பிம்பத்தை, சேமிக்கும் டிஸ்க் பழையதைவிடப் பெரியதாக இருக்கட்டும். அது ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. நோயுற்ற டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டவே வேண்டாம். அது டிஸ்க்கில் எழுதித் திருத்தும், திருத்தும் வேகத்தில் கோப்புகளை வெட்டியும் விடும்.

சின்னப் பழுதோடு டிஸ்க் ஓரளவு ஓடுகிறதென்றால், எதை முதலில் எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் பெரிய ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுகிறார்கள்; பாதியில் டிஸ்க் மூச்சை விட்டால் கிடைத்தது எதுவோ அதுதான். திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: கேசட்டிலிருந்து மாற்றியவை, கச்சேரிப் பதிவுகள், வீட்டுக் குரல்கள். அடுத்தது பிளேயரின் தரவுத்தளம். ஐடியூன்ஸில் அது ‘.ஐடிஎல்’ கோப்பு, மேக்கின் மியூசிக்கில் ‘மியூசிக் லைப்ரரி’, மியூசிக்பீயில் ‘.எம்பிஎல்’ கோப்பு. அளவில் சிறியவைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட்கள், நட்சத்திரங்கள், கேட்ட எண்ணிக்கை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. சிடியாகக் கையில் உள்ளவையும், மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய வாங்கிய பாட்டுகளும் கடைசி.

தவறி அழித்ததும் ஃபார்மேட் ஆனதும்

ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை இருக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் கட்டளை அந்த இடத்தை விரைவிலேயே காலியாக்கிவிடும். ஆகவே உடனே மின்சாரத்தை எடுப்பது ஒன்றே வழி, அதற்கும் உறுதி இல்லை. காணாமல்போன பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) மீட்க டெஸ்ட்டிஸ்க், கோப்புகளுக்கு ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஃபோட்டோரெக் எம்பி3 கோப்புகளையும், ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளையும் எடுக்கும். கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காண்பதால் பெயரும் ஃபோல்டரும் தொலைந்து, வெறும் எண்களோடு வெளிவரும். துண்டுதுண்டாகச் சிதறிய எம்பி3 ஒன்றின் நடுவே வேறொரு பாட்டு ஒலிப்பதும் உண்டு.

பெயர் போனாலும் டேக் (பாட்டு, பாடகர், படம் பற்றிய குறிப்பு) கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எம்பி3டேக் மென்பொருளில் ‘டேக்கிலிருந்து கோப்புப்பெயர்’ வசதியால் ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரே மூச்சில் பெயரிடலாம். டேக்கும் இல்லையென்றால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் ஒலியின் கைரேகையை வைத்துத் தேடும். அதன் தரவுத்தளத்தில் இல்லாத அரிய பதிவுகளைக் காதால் கேட்டுத்தான் பெயரிட வேண்டும்.

மீட்டதைச் சோதிக்காமல் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபிளாக் கோப்பில் ஒலியின் எம்டி5 கையொப்பம் என்ற சரிபார்ப்பு எண் வழக்கமாகப் பதிந்திருக்கும், ஃபிளாக்கின் ‘டெஸ்ட்’ தேர்வு அதை ஒப்பிட்டுச் சொல்லும். எம்பி3க்கு அப்படி ஒன்று இல்லை. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ஓடவிட்டுப் பிழைச் செய்திகளைப் பார்க்கலாம், ஆனால் எல்லாச் சேதமும் அதில் சிக்காது.

பழைய ஐபாட் இருக்கிறதா? புதிய கணினியில் மாட்டும்போது ஐடியூன்ஸ் ‘அழித்துவிட்டு ஒத்திசைக்கவா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். டிஸ்க்காகத் திறக்கும் ஐபாட்களில் ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் பாட்டுகள் நாலெழுத்துப் பெயர்களில் கிடக்கும். டேக் அப்படியே இருப்பதால் நகலெடுத்து எம்பி3டேக்கில் பெயரிட்டுக்கொள்ளலாம்.

இனி காப்பது

320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. நாலு நிமிடப் பாட்டு 10,000 இருந்தால் 96 ஜிபி. ஃபிளாக் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினால் பலருக்குத் தாராளம். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று வேறு கட்டடத்தில். பயன்படுத்தாமல் அலமாரியில் வைக்கும் நகலுக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கே நல்லது, மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியின் மின்னூட்டம் கசியும்.

பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு ஒரு பேக்கப் அல்ல, ஒத்திசைவும் அல்ல. நீங்கள் தவறி அழித்தால் இரண்டும் நகலிலும் அழித்துவிடும். விண்டோஸின் நகலெடுப்புக் கருவி ராபோகாப்பியின் ‘மிரர்’, லினக்ஸின் ஆர்சிங்கின் ‘டெலீட்’ தேர்வுகளை, எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் வெற்று ஓட்டமாகப் பார்த்த பிறகே நிஜமாக ஓட்டுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறிவிட்டால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கைத் துடைத்துவிடும். ஒத்திசைவு மென்பொருளான ஃப்ரீஃபைல்சிங்கில் அழித்தவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும் வசதி உண்டு, அதை இயக்கிவிடுங்கள்.

தமிழில் பெயரிடுவோருக்கு இரண்டு சிக்கல்கள் தனியாக உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்பும் விண்டோஸில் பெயரிட்ட கோப்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு வெவ்வேறு. ஒரே பாட்டு இரண்டு முறை நகலாகும், பிளேலிஸ்ட் பாட்டைக் காணவில்லை என்னும். இரண்டாவது நீளம். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை, ‘சி’ ஓர் எழுத்துக்கே 6 பைட் போகும். பாடகர், படம், பாட்டு எல்லாவற்றையும் தமிழில் கோத்தால் 42 எழுத்துக்குள்ளேயே முட்டக்கூடும். கோப்புக்குப் பாட்டின் பெயர் மட்டும் போதும், மற்றதை டேக்கில் எழுதுங்கள்.

பிளேலிஸ்ட்களை ‘எம்3யு8’ வடிவில், டிஸ்க்கின் எழுத்து வராத சார்புப் பாதைகளோடு ஏற்றுமதி செய்து பாட்டுகளுடனேயே வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, அந்தப் பிளேலிஸ்ட் ஒன்றைத் திறந்து ஓடவிடுங்கள். ஓடாவிட்டால், வீட்டில் மூல டிஸ்க் நன்றாக இருக்கும்போதே புது நகல் எடுத்துவிடலாம்.