புது விமானம் எப்போது வரும்? தேதியைப் படிக்கும் முறை

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன், டர்பனிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான்: "மாமா, போயிங்கோட அந்தப் புது 777எக்ஸ் விமானம் இந்த வருஷமாவது வந்துடுமா?" ஜொகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் 26 வருஷம் என்ஜின் பராமரிப்பில் இருந்தவன் நான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் தேதி ஒன்று வந்தால், அதைச் சொன்னது யார் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். தயாரிக்கும் கம்பெனி சொல்வது அவர்கள் போட்ட கணக்கு. விமானம் பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுக்கும் அமெரிக்க விமான ஆணையமான எஃப்.ஏ.ஏ. பொதுவாக நாள் குறிப்பதில்லை. சோதனைகளும் ஆவணங்களும் சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடும். 777எக்ஸுக்கு என் நோட்டில் இருக்கும் முதல் டெலிவரி வருஷங்கள்: 2020, 2021, 2022, 2023, 2025, 2026. 2025 அக்டோபரில் 2027 என்று மாற்றினார்கள். ஏழும் போயிங் சொன்னவை.

அடுத்து, விமானம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் முறையாகப் பறந்துவிட்டது என்ற செய்தியைக் கண்டு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 777எக்ஸ் 2020 ஜனவரி 25 அன்றே பறந்துவிட்டது. ஆனால் சான்றிதழுக்கான அதிகாரப்பூர்வப் பறப்புச் சோதனை தொடங்க, எஃப்.ஏ.ஏ. தனியாக ஓர் ஆய்வு அனுமதி தர வேண்டும். டி.ஐ.ஏ. என்பார்கள். செய்தியில் தேட வேண்டிய சொல் அதுதான். 2020 டிசம்பரில் ஒரு சோதனைப் பறப்பில் விமானி கேட்காமலே மூக்கின் கோணம் மாறியது. 2021 மே மாதம், இந்த விமானம் இன்னும் அந்த அனுமதிக்குத் தயாராக இல்லை என்று எஃப்.ஏ.ஏ. கடிதம் எழுதியது. அனுமதி கிடைத்தது 2024 ஜூலையில். நாலரை வருஷம்!

அதற்கு அடுத்த மாதமே இன்னொரு தடை. என்ஜினின் உந்துவிசையை விமானத்துக்குக் கடத்தும் இணைப்புத் தண்டில் விரிசல் தெரிந்தது. சோதனை விமானங்கள் எல்லாம் தரையில் நின்றன. 2025 ஜனவரியில்தான் மறுபடி பறந்தன. நான் கையால் தொட்டு வேலை பார்த்த இடம் அது. பயணிகள் ஏறுவதற்கு முன்பே அந்த விரிசல் கண்ணில் பட்டதே என்று எனக்கு உண்மையாகவே நிம்மதி.

சட்டத்தில் உள்ள கெடு வேறு. பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் கேட்டுப் போட்ட விண்ணப்பம் 5 வருஷம் செல்லும். அதற்குள் முடியாவிட்டால் நீட்டிப்பு கேட்க வேண்டும், புதிய விதிகளும் சேர்ந்துகொள்ளலாம். போயிங்கின் 737 மேக்ஸ் 7, மேக்ஸ் 10 இரண்டுக்கும் தனிக் கெடு இருந்தது: 2022 டிசம்பர் 27. அதற்குப் பிறகு சான்றிதழ் வாங்கினால் விமானிகளை எச்சரிக்கும் அமைப்பை நவீனமாக்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் போட்டார்கள். இரண்டுக்கும் அதற்குள் சான்றிதழ் கிடைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சில பாதுகாப்பு நிபந்தனைகளோடு கெடுவைத் தளர்த்தியது. 2018-லும் 2019-லும் விழுந்த இரண்டு மேக்ஸ் 8 விமானங்களில் இறந்த 346 பேருக்காக வந்தது அந்த 2020 சட்டம். நம் தென்னாப்பிரிக்க விமான நிறுவனமான காம்ஏர் தன் முதல் மேக்ஸ் 8-ஐ 2019 பிப்ரவரியில்தான் வாங்கியது. நானும் ஆசையோடு காத்திருந்த விமானம். மார்ச்சில் எத்தியோப்பிய விமானம் விழுந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து தாமதச் செய்தி எனக்கு எரிச்சல் தருவதில்லை.

எஃப்.ஏ.ஏ. கையெழுத்தோடும் முடியாது. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா தானே தனியாகப் பார்க்கும். இசட்எஸ் என்று பதிவெண் தொடங்கும் தென்னாப்பிரிக்க விமானம் என்றால் மிட்ராண்டில் இருக்கும் நம் விமானப் போக்குவரத்து ஆணையமும் அந்த வகையை ஏற்க வேண்டும். துபாய் விமானத்துக்கு அந்த நாட்டு ஆணையம்.

சரி, டிக்கெட்? புது விமானத்துக்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். என் அக்கா மகன் அப்படித்தான் அம்மாவின் பழனிப் பயணத்தை இரண்டு முறை தள்ளினான். அக்காவுக்கு முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. இப்போது ஓடும் 777-300ஈஆரிலேயே தைப்பூசத்துக்குப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் சீட் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.