ஒரே ஆல்பம், இரண்டு பதிப்பு: எது நன்றாக ஒலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே எல்பி இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாம் கிடக்கும். ஒருநாள் காலை அங்கே ஒரு சிடியைப் புரட்டிக்கொண்டே, "இதே ஆல்பம் வீட்டில் இருக்கே அண்ணே" என்றேன். "இது ரீமாஸ்டர் தம்பி, சவுண்டே வேற" என்றார் கடைக்காரர். பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மீண்டும் வெளியிட்ட பதிப்பு என்று அர்த்தம். பத்து வெள்ளி கொடுத்து வாங்கி வந்து போட்டால், அசத்தல்! ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: அதில் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், நான் அதற்கே மயங்கியிருக்கிறேன்.

நம் காது அப்படித்தான். ஒரு டெசிபல் கூடினாலே போதும். சத்தம் கூடியதாகத் தோன்றாது, தெளிவு கூடியதாகத் தோன்றும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த மறுவெளியீடுகள் பலவற்றில் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கி, மொத்தச் சத்தத்தையும் ஏற்றிவிட்டார்கள். அதனால் ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு எதுவும் செல்லாது.

முதலில் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். எல்பியில் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வளையத்தில் எண் பொறித்திருக்கும். சிடியில் பளபளக்கும் பக்கம், நடு ஓட்டையைச் சுற்றி. அட்டைப்படம் ஒன்றாக இருந்தாலும் இந்த எண் மாறினால் மாஸ்டரும் (தட்டு அச்சடிக்கத் தயார் செய்த இறுதி ஒலிப்பதிவு) மாறியிருக்கலாம். குறித்துக்கொள்ளுங்கள்.

எல்பி என்றால் கழுவாமல் தொடங்க வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்காத தட்டு அபூர்வம். அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது மாஸ்டரை அல்ல, பூஞ்சையை.

அடுத்து, இரண்டையும் கணினியில் ஏற்றுங்கள். விண்டோஸில் சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் சேமியுங்கள், எம்பி3 வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்து (இதுவும் இலவசம்) இரண்டு பதிப்பிலும் அதே பாட்டின் அதே 30 விநாடியை வெட்டி எடுங்கள். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கொடுங்கள். மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்று இருக்கும், அப்படியே விடலாம். இரண்டின் தொடக்கத்தையும் நேர்படுத்தி, ஒன்றை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். சமப்படுத்தும் முன் அலைவடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மலைத்தொடர் போல ஏறி இறங்கினால் நல்லது. தலை வெட்டிய செங்கல் போல இருந்தால் அமுக்கியிருக்கிறார்கள். ஆனால் எல்பியிலிருந்து எடுத்தது, அதே மாஸ்டர்தான் என்றாலும் கூர்மையாகத் தெரியும். படத்தைப் பார்த்து எல்பிக்கு மார்க் போட்டுவிடாதீர்கள்.

எதைக் கேட்பது? நான் தபலாவில் விரல் விழும் அந்த முதல் கணத்தைக் கேட்பேன். அமுக்கிய பதிப்பில் அது மழுங்கிவிடும். அப்புறம் பாடகர் மூச்சு இழுப்பது, ஜால்ராவின் ரீங்காரம் அடங்கும் வால். இரைச்சலை நீக்குகிறேன் என்று அளவுக்கு மீறித் துடைத்திருந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். அறுபதுகளின் மோனோ (ஒற்றைத் தட ஒலி) பாடல்களில் செயற்கை எதிரொலி சேர்த்து 'ஸ்டீரியோ' என்று விற்றதும் உண்டு. ஹெட்ஃபோனில் குரல் நடுவில் நிற்காமல் பரவிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

சுருதியையும் சோதியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ஆல்பம் 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகிவிடும். அதனால் அந்தப் பக்கத்தின் மூன்று பாடல்களும் பல்லாண்டு காலம் சற்றே உயர்ந்த சுருதியில் ஒலித்தன. வேறு இயந்திரத்தில் எடுத்த காப்பு டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தினார்கள். போனில் சுருதிப் பெட்டி ஆப் இருந்தால் போதும். ஒரு பதிப்போடு சேர்த்து வைத்துவிட்டு, அப்படியே மற்றதைப் போடுங்கள். விலகினால் உடனே தெரியும்.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை. வீட்டில் யாரையாவது காசு சுண்டி, விழுந்தபடி ஒரு பதிப்பைப் போடச் சொல்லுங்கள். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் வித்தியாசம் உங்களுக்கு உண்மையிலேயே கேட்கிறது என்று நம்பலாம். வெறும் குருட்டு யோகத்தில் அப்படி வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எட்டு, ஒன்பது என்று வந்தால் இரண்டில் மலிவானதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து வெள்ளி ரீமாஸ்டரில் நான் 14 எடுத்தேன். வீட்டில் கேட்கப் பிடித்தது பழைய சிடிதான். ரீமாஸ்டர் இப்போது காரில் இருக்கிறது. பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது காற்றும் டயரும் போடும் இரைச்சலில் அந்த அமுக்கிய ஒலிதான் எடுபடுகிறது.