ஷிப்ட் சூப்பர்வைசர் வீட்டு நர்சிங் நிர்வாகத்துக்கு வந்தால் சறுக்கும் இடங்கள்

சேலத்தில் ஷிப்ட் பார்த்துப் பழகியவர்களுக்குப் பஞ்சமில்லை. உருக்காலை, சேகோ ஃபேக்டரி, நூல் மில் என்று ஏதோ ஒன்றில் வருஷக்கணக்காக ஆள் மேய்த்தவர்கள், "வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிற வேலைதானே, இதுவும் மேன்பவர்தான்" என்று இந்தப் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். அந்தப் பேச்சு பாதி சரி. மீதிப் பாதியில்தான் நான் விழுந்தேன்.

முதல் தவறு, யார் காலியோ அவரை அனுப்புவது. லைனில் ஒருவர் வரவில்லையென்றால் ரிலீவரை நிறுத்துவோம், மெஷின் கோபித்துக்கொள்ளாது. அம்மாப்பேட்டையில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்கு மூன்று நாளில் மூன்று பேரை அனுப்பினேன். ரோஸ்டரில் ஓர் ஓட்டை இல்லை. பாட்டி மூன்று நாளும் குளிக்கவில்லை. தெரியாத ஆள் முன்னால் சேலையை அவிழ்க்க யாருக்குத்தான் மனசு வரும்? இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்று ஆளை முதல் வாரமே வழக்கமான ஆளுடன் அனுப்பிப் பழக்கிவிடுகிறோம்.

அடுத்தது, போக்குவரத்தைக் கணக்கில் சேர்க்காதது. காலை சூரமங்கலம், பதினொரு மணிக்கு ஏற்காடு, மதியம் கொண்டலாம்பட்டி என்று எழுதிவிடலாம், எழுத என்ன! ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மலைமேல் இருக்கும் வீட்டுக்கு மலைமேல் இருக்கும் ஆளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கு அந்த ஒரு வீடு மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஹெல்பரை ஆபரேட்டர் ஆக்கும் பழக்கம். ஆலையில் பார்த்துப் பார்த்தே வேலை கற்றவரைப் பெருமையாகப் பேசுவோம். இங்கே அது கூடாது. நம் ஊரில் வீட்டுக்கு வரும் எல்லோரையும் "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நர்ஸ் ஆக, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருஷப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். அதற்கு மேல் நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும். அட்டெண்டர் என்பவர் குளிப்பாட்ட, ஊட்டிவிட, நடக்க வைக்க வருபவர். "அந்தப் பொண்ணே மூக்கு டியூபை மாத்திடுவா, நர்ஸுக்குத் தனியா எதுக்குக் காசு" என்று வீட்டார் கேட்பார்கள். டியூப் தப்பி மூச்சுக்குழாய்க்குள் போனால் ஊற்றுகிற கஞ்சி நுரையீரலுக்குப் போகும். எது யார் வேலை என்று ஒப்பந்தத் தாளில் எழுதி, முதல் நாளே வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். நாலு வீடு கைவிட்டுப் போகும், போகட்டும்.

அப்புறம் செக் ஷீட், அதாவது செய்த வேலைக்கு நேரம்வாரியாக டிக் போடும் தாள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டாலும் இது தப்பாது. ஒரு வீட்டில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லா டிக்கும் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டது போல இருந்தது. ஃபேக்டரியில் இருந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். இங்கே ஆளைத் திட்டினால் அடுத்த முறை டிக்கைத் திருத்தமாகப் போடுவார், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அவரை 24 மணி நேர டியூட்டியில் தனியாகப் போட்டவனே நான். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பார்கள்? இரவுக்கு வேறு ஆள் போட்டேன். தாளை நம்பாமல் இடுப்பெலும்பையும் குதிகாலையும் நேரில் பார்க்கப் பழகினேன். படுக்கைப்புண் தொடங்கும்போது சிவக்கும் என்பார்கள். நம் நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்புக்கு ஓட வேண்டாம். படிப்பு பிறகு ஆகட்டும். முதலில் ஒரு மாதம், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, அட்டெண்டர் கூடவே வீடுகளுக்குப் போய் உட்காருங்கள்.

ஆலையில் கற்றதையெல்லாம் மூட்டை கட்டிவிடவும் வேண்டாம். ஷிப்ட் மாறும்போது மிஷின் பக்கத்தில் நின்று பேசுவோமே, அதைக் கட்டில் பக்கத்திலும் செய்யலாம். எவ்வளவு சிறுநீர் போனது, எந்த மாத்திரை பாக்கி, ராத்திரி தூக்கம் எப்படி. இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய ஆள் செருப்பை மாட்டலாம்.